‘எது கம்மியோ அதைப் போடுங்க’: ஒரு மறுப்பு

கார் வைத்திருப்பவர்களிடம் காப்பீட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் மூன்று வாக்கியங்கள் தவறாமல் வந்து விழும். “எல்லா இன்சூரன்ஸும் ஒண்ணுதான், எது கம்மியோ அதைப் போடுங்க.” “போலீஸ் புடிச்சா காட்ட ஒரு பேப்பர் வேணும், அவ்வளவுதான்.” “அடிபட்டா எப்படியும் கொடுக்க மாட்டான், எதுக்கு அதிகமா கட்டணும்?” அலுவலகத்தில், டீக்கடையில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எங்கும் இதே பேச்சுதான். படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. பாலிசி முடியும் தேதி நெருங்கியதும் கைபேசியில் விலைகளை வரிசைப்படுத்தி, மேலே நிற்பதை அழுத்தி, பணத்தைக் கட்டிவிட்டுக் காரியத்தைக் கச்சிதமாக முடித்ததாக நினைக்கிறோம்.

விலை விசாரித்து வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர்கள் ஆயிரம் ரூபாயைக்கூட யோசித்துத்தான் செலவழிக்க வேண்டும். நான் எதிர்ப்பது அவர்கள் கையில் கொடுக்கப்பட்டிருக்கும் அளவுகோலை. பிரீமியம் குறைந்திருப்பதாலேயே காப்பீடு மலிவாகிவிடாது. இன்று கட்டுகிற தொகையும், சேதம் நேரும் நாளில் நம் கையிலிருந்து போகிற தொகையும் சேர்ந்ததுதான் அதன் விலை. முதல் தொகை திரையில் பெரிய எழுத்தில் தெரிகிறது. இரண்டாவது தொகை பாலிசியின் உள்பக்கங்களில் இருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை. மேலே சொன்ன மூன்று வாக்கியங்களும் தவறு. எப்படித் தவறு என்று ஒவ்வொன்றாகக் காட்ட முடியும்.

எல்லாம் ஒன்றுதானா?

கார் காப்பீட்டுக்கு இரண்டு பாகங்கள். நம் காரால் அடுத்தவருக்கு நேரும் உயிரிழப்பு, காயம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கானது ஒன்று. இதைத்தான் தர்டு பார்ட்டி என்கிறோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு கட்டாயமாக்கியிருப்பது இதை மட்டுமே. நம் காருக்கே நேரும் சேதம், திருட்டு, தீ, வெள்ளம் ஆகியவற்றுக்கானது மற்றொன்று. இதைச் சொந்தச் சேதக் காப்பீடு, சுருக்கமாக ஓ.டி. என்பார்கள். இரண்டும் சேர்ந்தால் மக்கள் வழக்கில் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’, நிறுவனங்களின் வழக்கில் பேக்கேஜ் பாலிசி.

தர்டு பார்ட்டிக்கு எந்த நிறுவனமும் தன் விருப்பத்துக்கு விலை வைக்க முடியாது. அதை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி 1,000 சிசி வரையிலான தனியார் காருக்கு ஆண்டுக்கு ₹2,094. அதற்கு மேல் 1,500 சிசி வரை ₹3,416. அதையும் தாண்டினால் ₹7,897. இவற்றின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. பொதுத்துறை நிறுவனத்தில் வாங்கினாலும் தனியாரிடம் வாங்கினாலும், முகவர் வழியாக வாங்கினாலும் கைபேசியில் வாங்கினாலும் இதில் ஒரு ரூபாய்கூட மாறாது. ஓ.டி. பாகம் அப்படியில்லை. 2007 ஜனவரி 1 முதல் அதற்கான விகிதக் கட்டுப்பாடு விலகியது. அன்றிலிருந்து அதன் விலை நிறுவனங்களின் கையில் இருக்கிறது.

ஆகவே ஒரே காருக்கு ஒரு நிறுவனம் ₹9,000 கேட்டு, இன்னொன்று ₹6,500 கேட்டால், அந்த ₹2,500 வித்தியாசம் தர்டு பார்ட்டியிலிருந்து வந்திருக்க வழியில்லை. நம் காருக்கும் நமக்குமான பாதுகாப்பின் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கிறது. சில நேரம் அது நேர்மையான போட்டியின் பலன்: நிறுவனத்தின் நிர்வாகச் செலவு குறைவு, இடையில் கமிஷன் இல்லை. பல நேரம் அது பாதுகாப்பை நறுக்கியதன் பலன். எது என்பதை விலைப்பட்டியல் தானாகச் சொல்லாது. ‘எல்லாம் ஒன்றுதான்’ என்பவர், ஒன்றாக இருக்கும் பாகத்தை வைத்து ஒன்றாக இல்லாத பாகத்தை வாங்கிக்கொண்டிருக்கிறார்.

இந்த விலை நிர்ணயம் தெரிந்திருந்தால் ஒரு மோசடியிலிருந்தும் தப்பலாம். 1,200 சிசி பெட்ரோல் காருக்கு வெறும் தர்டு பார்ட்டி மட்டுமே வரியோடு ₹4,031 ஆகிறது. “ஃபுல் இன்சூரன்ஸே மூவாயிரத்துல போட்டுத் தரேன்” என்று ஒருவர் சொன்னால், அவர் தருவது காப்பீடாக இருக்க முடியாது. இருசக்கர வாகனத்துக்கு வாங்கிய பாலிசியில் எண்ணையும் வண்டி மாடலையும் மாற்றி அச்சடித்துத் தருகிற கும்பல்கள் உண்டு. விபத்து நடந்து காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டும்போதுதான் அது போலி என்று தெரியவரும். பணம் கட்டிய சில நாட்களில் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

தள்ளுபடி எங்கிருந்து வருகிறது?

பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட எளிய வழி ஐ.டி.வி.யைக் குறைப்பது. கார் திருடுபோனாலோ முழுதும் நொறுங்கினாலோ நிறுவனம் தரக்கூடிய உச்சத்தொகை இது. காரின் இன்றைய பட்டியல் விலையிலிருந்து வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழித்து இது கணக்கிடப்படுகிறது: ஓராண்டு முடிந்து இரண்டாம் ஆண்டில் 20 விழுக்காடு, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50. எட்டு லட்ச ரூபாய் கார் மூன்றாம் ஆண்டில் இருந்தால் ₹5,60,000. இந்தத் தொகையைக் கொஞ்சம் கூட்டவோ குறைக்கவோ நிறுவனங்கள் இடம் தருகின்றன. அங்கேதான் கை வைக்கப்படுகிறது.

அதை ஒரு லட்சம் குறைத்தால் நமக்கு மிச்சம் எவ்வளவு? சென்னையில் பதிவான 1,200 சிசி காருக்குப் பழைய விகிதப் பட்டியலின்படி ஓ.டி. விகிதம் 3.283 விழுக்காடு. ஒரு லட்சத்துக்கு ₹3,283. நிறுவனம் அதில் பாதியைத் தள்ளுபடி தருவதாகவும், நமக்கு 25 விழுக்காடு நோ கிளெய்ம் போனஸ் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். வரியைச் சேர்த்தாலும் மிச்சமாவது ஏறத்தாழ ₹1,450. கார் திருடுபோனால் இழப்பது முழுதாக ஒரு லட்சம். குடைத்துணியைப் பாதியாக வெட்டி விலையைக் குறைத்த வியாபாரிக்கு நாம் நன்றி சொல்வதில்லை. இங்கே மட்டும் சொல்கிறோம்.

இழப்பு திருட்டோடு நிற்பதில்லை. பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யின் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அந்தக் காரை முழு நஷ்டமாகக் கணக்கிடுவார்கள். ஐ.டி.வி. ₹5,60,000 என்றால் அந்த எல்லை ₹4,20,000. ₹4,60,000 ஆகக் குறைத்திருந்தால் எல்லை ₹3,45,000. விபத்தில் ₹3,60,000 செலவாகும் சேதம் வந்தால், முதல் பாலிசியில் கார் சரியாகி வீட்டுக்கு வரும். இரண்டாவதில் கார் கையை விட்டுப் போகும், குறைந்த தொகைதான் மிஞ்சும், அதை வைத்து அதே வயதுள்ள காரை வாங்க முடியாது. கடன் பாக்கி இருந்தால் அந்தத் தொகையும் முதலில் வங்கிக்குப் போகும்.

அடுத்தது உதிரிபாகத் தேய்மானம். சாதாரணப் பேக்கேஜ் பாலிசியில் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி ஆகியவற்றுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். ஃபைபர் கிளாஸுக்கு 30 விழுக்காடு கழிவு. இரும்புப் பாகங்களுக்குக் காரின் வயதைப் பொறுத்துக் கழிவு, நான்காம் ஆண்டில் 25 விழுக்காடு, ஐந்தாம் ஆண்டில் 35. மூன்றரை வயதுக் காரின் முன்பக்கம் இடித்துவிட்டது என்று வையுங்கள். பம்பர் ₹12,000, பானெட் ₹20,000, பெயின்ட் ₹10,000. பம்பரில் 6,000, பானெட்டில் 5,000, பெயின்டில் பொருளுக்கான பங்கில் பாதியாக 1,250, ஒவ்வொரு கிளெய்மிலும் பிடிக்கும் கட்டாயக் கழிவு 1,000 என்று மொத்தம் ₹13,250 நம் கையிலிருந்து போகும். இன்றைய கார்களின் முகப்பு பெரும்பாலும் பிளாஸ்டிக். நகரத்தில் இடிபடுவதும் முகப்பும் பின்பக்கமும்தான். இந்தக் கழிவை நீக்கும் ‘ஜீரோ டெப்’, மக்கள் சொல்லும் ‘பம்பர் டு பம்பர்’, முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆடம்பரம் ஆகாது. மலிவாகத் தெரியும் பாலிசியில் முதலில் காணாமல் போவது இதுதான்.

மூன்றாவது எஞ்சின். பேக்கேஜ் பாலிசி வெள்ளச் சேதத்தை ஏற்கும். ஆனால் தண்ணீர் புகுந்த காரை ஸ்டார்ட் செய்து எஞ்சின் இறுகிப்போனால், அது வெள்ளத்தால் வந்த நேரடிச் சேதம் இல்லை, பின்விளைவு என்று சொல்லி மறுப்பார்கள். எஞ்சின் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்திருந்தால்தான் கிடைக்கும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையின் தாழ்வான பகுதிகளில் கார்கள் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தண்ணீர் என்ன செய்யும் என்று அறிந்த அந்த ஊரில், சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க இந்தப் பாதுகாப்பை நீக்கச் சொல்வது சரியான யோசனையா? அதே வேளை, வெள்ளமே தேங்காத மேட்டு ஊரில் இருந்துகொண்டு அங்கேயே ஓட்டுபவர் இதை விட்டுவிட்டால் தவறில்லை. எங்கே வாழ்கிறோம், எங்கே நிறுத்துகிறோம் என்பதைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியதை விலையை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கிறோம் என்பதே என் குற்றச்சாட்டு.

நான்காவது வழி எல்லாவற்றையும் விட ஆபத்தானது. கிளெய்ம் வாங்காத ஆண்டுகளுக்கு ஓ.டி. கட்டணத்தில் 20, 25, 35, 45, 50 விழுக்காடு என்று ஏறிக்கொண்டே போகும் கழிவுதான் நோ கிளெய்ம் போனஸ். போன ஆண்டு கிளெய்ம் வாங்கியவரிடமும் “இல்லைன்னு டிக் போடுங்க சார், ரெண்டாயிரம் குறையும்” என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். புதிய நிறுவனம் பழைய நிறுவனத்திடம் கேட்டுச் சரிபார்க்கும். பொய் என்று தெரிந்தால் சொந்தச் சேதத்துக்கான கிளெய்ம் முழுவதையும் மறுக்க அந்த உறுதிமொழியே இடம் தருகிறது. இரண்டாயிரத்துக்காக வாங்கிய பாலிசியின் பாதியை நாமே கிழித்துப் போடுகிறோம்.

போலீஸுக்குக் காட்டும் காகிதமா?

காப்பீடு இல்லாமல் ஓட்டினால் முதல் முறை ₹2,000 அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை அபராதம் ₹4,000. 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இதுதான் நிலை. சின்னக் காரின் தர்டு பார்ட்டிக் கட்டணமும் அபராதமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதால், “மாட்டினா கட்டிக்கலாம்” என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அபராதத்தைக் கணக்கில் எடுத்தவர்கள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஒரு விபத்தில் முப்பது வயது இளைஞர் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில், மாத வருமானம் ₹20,000. மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் அவரை நம்பி இருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் சரளா வர்மா வழக்கிலும் (2009) பிரணய் சேத்தி வழக்கிலும் (2017) வகுத்த முறைப்படி கணக்கு இப்படிப் போகும். ஆண்டு வருமானம் ₹2,40,000. வருங்கால உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்த்தால் ₹3,36,000. அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் ₹2,52,000. முப்பது வயதுக்குரிய பெருக்கு எண் 17. மொத்தம் ₹42,84,000. ஈமச்சடங்குச் செலவு, இழப்புத் துயரத்துக்கான தொகை, வட்டி எல்லாம் இதற்கு மேல். தர்டு பார்ட்டிக் காப்பீடு இருந்தால் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் உச்சவரம்பின்றி நிறுவனம் கொடுக்கும். இல்லாவிட்டால் அந்தத் தீர்ப்பு வண்டி உரிமையாளரின் வீட்டு மேலும் நிலத்து மேலும் வந்து நிற்கும். அவரிடமும் ஒன்றும் இல்லை என்றால் அந்தத் தாய்க்கும் குழந்தைகளுக்கும் தீர்ப்பு நகல் மட்டும்தான் மிஞ்சும்.

2022ஆம் ஆண்டு நாட்டிலேயே மிக அதிகமான சாலை விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில். எண்ணிக்கை 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன். அவர் தொடுத்த வழக்கில்தான், 2018 செப்டம்பர் 1 முதல் புதிய காருக்கு மூன்றாண்டுகளும் புதிய இருசக்கர வாகனத்துக்கு ஐந்தாண்டுகளும் தர்டு பார்ட்டியை மொத்தமாக எடுக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்காமல் விட்டுவிடும் நம் பழக்கத்துக்கு நீதிமன்றம் போட்ட தடை அது. நொறுங்கிய எலும்புகளைச் சேர்த்து வைக்கிற ஒருவர் இந்த வழக்கைத் தொடுத்தார் என்பதை நினைத்தால், காப்பீட்டை வெறும் காகிதம் என்று சொல்ல நாக்கு கூச வேண்டும்.

அதே காகிதப் புத்திக்கு இன்னொரு விலையும் உண்டு. வெறும் தர்டு பார்ட்டி எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு, தன் காரில் தன்னோடு வருகிறவர்களை அது காப்பாற்றாமல் போகலாம் என்று தெரியும்? சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற பாலகிருஷ்ணன் வழக்கில், 2012ல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துச் சொன்னது: தனியார் காரில் பயணிப்பவர்கள் பேக்கேஜ் பாலிசியில் அடங்குவார்கள், வெறும் தர்டு பார்ட்டியான ‘ஆக்ட் பாலிசி’யில் அடங்க மாட்டார்கள். 2021 ஆகஸ்டில் ஈரோட்டிலிருந்து வந்த வழக்கொன்றில் இதுவே நடந்தது. காரில் சென்று இறந்தவரின் குடும்பத்துக்குத் தீர்ப்பாயம் 14 லட்சத்துக்கும் மேல் வழங்கியிருந்தது. இருந்தது ஆக்ட் பாலிசி என்பதால் நிறுவனம் கொடுக்கத் தேவையில்லை என்று உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. வண்டியை விற்பவர் பாலிசியின் நிபந்தனைகளைச் சொல்வதில்லை, வாங்குபவரும் அறிந்துகொள்ள அக்கறை காட்டுவதில்லை என்று நீதிபதி வருந்தினார். புதிய வண்டிகளுக்கு ஐந்தாண்டு பம்பர் டு பம்பர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியும் உத்தரவிட்டார். நடைமுறைப்படுத்த முடியாது என்று மறுப்புகள் எழ, அடுத்த மாதமே அது திரும்பப் பெறப்பட்டது. உத்தரவு போய்விட்டது. அதை எழுத வைத்த நிலைமை அப்படியே இருக்கிறது.

‘எப்படியும் கொடுக்க மாட்டான்’

மூன்று வாக்கியங்களில் இதற்குத்தான் வலு அதிகம். இழுத்தடிப்பு உண்டு, நியாயமற்ற மறுப்பு உண்டு, சர்வேயர் பார்த்துவிட்டுப் போன பிறகு வாரக்கணக்கில் பதிலில்லாத அனுபவம் பலருக்கு உண்டு. இதை இல்லை என்று சொல்பவர் உண்மை பேசவில்லை. ஆனால் இந்த அனுபவத்திலிருந்து ‘ஆகவே விலை குறைந்ததை வாங்கு’ என்ற முடிவுக்கு வருவதுதான் எனக்குப் புரியவில்லை. கொடுக்கத் தயங்குகிற நிறுவனங்கள் இருக்கின்றன என்றால், கொடுக்கும் நிறுவனம் எது என்று தேட வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் கிளெய்ம், புகார் பற்றிய விவரங்களைத் தன் இணையதளத்தில் காலாண்டுதோறும் வெளியிடுகிறது. நம் ஊர் ஒர்க்ஷாப்பில் கேட்டாலே எந்த நிறுவனத்தின் பில் சீக்கிரம் வருகிறது என்று மெக்கானிக் சொல்வார். இரண்டையும் கேட்காமல் விலையை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, கொடுக்கவில்லை என்று எல்லா நிறுவனங்களையும் ஒரே தட்டில் வைக்கிறோம்.

மறுப்புகளில் ஒரு பெரும்பங்கு வாங்கும் நாளிலேயே உறுதியாகிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஓன் போர்டு காரை வாடகைக்கு விடுவது. கேஸ் கிட் பொருத்திவிட்டு பாலிசியில் ஏற்றாமல் இருப்பது. போனஸ் பற்றிப் பொய் சொல்வது. லைசென்ஸ் இல்லாத பையனிடம் சாவியைக் கொடுப்பது. இதில் அடுத்தவருக்கான இழப்பீட்டை நிறுவனம் கொடுத்தாலும், உரிமையாளர் தெரிந்தே கொடுத்தார் என்று நிரூபணமானால் அவரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று ஸ்வரன் சிங் வழக்கில் 2004லேயே தீர்ப்பு இருக்கிறது. பழைய கார் வாங்கியவர் 14 நாட்களுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்காமல் விடுவது. தர்டு பார்ட்டி தானாக அவருக்கு மாறும், ஓ.டி. மாறாது. மலிவாக வாங்கிக் கொடுப்பவர் இவற்றில் எதையும் கேட்பதில்லை. கேள்வி கேட்டால் விலை ஏறும் என்பது அவருக்குத் தெரியும்.

அநியாயமாக மறுக்கப்பட்டவருக்கு வழியும் இருக்கிறது. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்து மூலம் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஓம்புட்ஸ்மன் என்று சொல்லப்படும் இவருடைய அலுவலகம் சென்னையில் உண்டு. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டாம், 50 லட்ச ரூபாய் வரையிலான கோரிக்கைகளை எடுத்துக்கொள்வார்கள். இதைப் பயன்படுத்தி வென்றவர்கள் உண்டு. ‘எப்படியும் கொடுக்க மாட்டான்’ என்று முன்கூட்டியே கைவிடுகிறவரால் பயன் அடைவது மறுக்கிற நிறுவனம் மட்டும்தான்.

மலிவாக வாங்க நேர்மையான வழிகள்

“இதெல்லாம் வசதி உள்ளவர்களுக்கான பேச்சு, ஒன்றரை லட்சத்துக்குப் பழைய கார் வாங்கியவன் என்ன செய்வான்?” என்று கேட்பவருக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. காப்பீட்டுச் செலவைக் குறைக்க வழிகள் உண்டு. அவை பாதுகாப்பைத் திருட்டுத்தனமாக நறுக்காத வழிகள்.

கார் பத்து வயதைத் தாண்டி, ஐ.டி.வி. சொற்பமாகிவிட்டால், ஓ.டி. வேண்டாம் என்று முடிவெடுப்பது நியாயமானதே. ஆனால் அந்த முடிவோடு, உடன் பயணிப்பவர்களுக்கான விபத்துக் காப்பீடு சேர்க்க முடியுமா என்று கேட்க வேண்டும். உரிமையாளர்-ஓட்டுநருக்கான ₹15 லட்சம் விபத்துக் காப்பீடு கட்டாயம். ஏற்கெனவே அதே அளவுக்கு வேறு தனிநபர் விபத்துப் பாலிசி இருந்தால் காரோடு மீண்டும் எடுக்கத் தேவையில்லை. 2019லிருந்து இந்த விதி இருந்தும் பலர் இரண்டு முறை கட்டுகிறார்கள்.

நோ கிளெய்ம் போனஸ் காருக்கு உரியது இல்லை, உரிமையாளருக்கு உரியது. பழைய காரை விற்கும்போது நிறுவனத்திடம் போனஸ் சான்று வாங்கி வைத்துக்கொண்டால் மூன்றாண்டுகளுக்குள் புதிய காருக்குப் பயன்படுத்தலாம். புதிய காரின் ஓ.டி. கட்டணம் ₹20,000 என்றால், 50 விழுக்காடு போனஸ் ₹10,000ஐ மிச்சப்படுத்தும். விலைப்பட்டியலின் எந்த வரிசையும் இவ்வளவு மிச்சம் தராது. விற்காத காரின் பாலிசியைப் புதுப்பிக்காமல் 90 நாட்கள் தாண்டினால் இந்தப் போனஸ் போய்விடும். ஒரு நாள் விட்டாலும் இடையில் நடக்கும் விபத்து நம் தலையில்தான். அதனால் தேதிக்கு முன்பே புதுப்பிப்பதும் சிக்கனமே.

ஐந்தாயிரம் ரூபாய்க் கீறலுக்குக் கிளெய்ம் போடுவதற்கு முன், அதனால் இழக்கப்போகும் போனஸைக் கணக்கிட வேண்டும். கையில் சேமிப்பு இருப்பவர் தானாக ஏற்கும் கழிவுத் தொகையைக் கூட்டலாம், ஆனால் கணக்குப் பார்த்து. 2002ஆம் ஆண்டு விகிதப் பட்டியலில் ₹15,000 கழிவை ஏற்றவருக்கு அதிகபட்சத் தள்ளுபடி ₹2,500தான். ஆறு ஆண்டுகள் விபத்தில்லாமல் ஓட்டினால்தான் அது ஈடாகும். இன்று உங்கள் நிறுவனம் என்ன விகிதம் தருகிறது என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார் எடுப்பவர், ஓட்டும் தூரத்துக்கேற்ற கட்டணத் திட்டத்தைக் கேட்கலாம். 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதற்கு அனுமதி தந்துவிட்டது. புதிய கார் வாங்கும்போது ஷோரூம் காட்டும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வெளியே விலை கேட்டுவிட்டுப் பேசினால் ஷோரூமின் விலையும் இறங்கும்.

விலைகளை ஒப்பிடும்போது ஒரே ஐ.டி.வி., ஒரே கழிவுத் தொகை, ஒரே கூடுதல் பாதுகாப்புகள், உண்மையான போனஸ் விகிதம் என்று நான்கையும் சமமாக வைத்துவிட்டு ஒப்பிட வேண்டும். ஐந்தாவதாக, தருமபுரியிலோ காரைக்குடியிலோ இருப்பவர், நாடு முழுக்க எத்தனை ஆயிரம் ஒர்க்ஷாப்புகள் என்ற விளம்பரத்தைப் பார்க்காமல், தன் ஊரில் பணம் கட்டாமல் பழுது பார்க்கும் இடம் எது என்று கேட்க வேண்டும். இவை ஐந்தும் சமமான பிறகும் ஒரு நிறுவனத்தின் விலை குறைந்திருந்தால், தயங்காமல் அதை வாங்கலாம்.

இந்தச் சுமை முழுவதையும் வாங்குபவர் மேல் போடுவதும் நியாயமில்லை. விலையைப் பெரிய எழுத்திலும் ஐ.டி.வி.யையும் கழிவையும் சின்ன எழுத்திலும் காட்டுவதை ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிக்கக் கூடாது. விலை தெரியும் அதே வரியில், அதே அளவு எழுத்தில், தமிழில், திருடுபோனால் எவ்வளவு கிடைக்கும், பழுது பார்த்தால் எவ்வளவு கையிலிருந்து போகும், காரில் வருபவர்களுக்கு என்ன என்ற மூன்றும் தெரிய வேண்டும். அது நடக்கும் வரை அந்த மூன்று கேள்விகளையும் நாம்தான் கேட்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன், எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு.

மலிவான காப்பீடு வேண்டும் என்பது நியாயமான ஆசை. எதை விட்டுக்கொடுத்து ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடித்தோம் என்று சொல்ல முடிகிறவருக்கு அது நிறைவேறியிருக்கிறது. சொல்ல முடியாதவர் விலை மட்டும்தான் கேட்டிருக்கிறார், காப்பீட்டை இன்னும் வாங்கவில்லை.